ஏழாவது பெட்டிக்குத் துணி இல்லை

அத்தியாயம் பதினொன்று

ஜூலை மாத வெயிலில் யாராவது கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு வெளியே கிளம்புவார்களா? ஒதீல் கிளம்பினாள்.

கறுப்புக் கோட்டு. அவளுடைய அம்மா இவெத் பல குளிர்காலங்கள் போட்டுத் தேய்த்தது. முழங்கையில் ஒட்டு, கழுத்துப் பட்டியில் இன்னும் அந்துருண்டை வாசனை.

"அம்மா, உனக்கென்ன பைத்தியமா? வெளிய நெருப்பு மாதிரி காயுது" என்றாள் மகள் ஆனுக், வாடகை அறையின் ஜன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டே.

"காயட்டும்."

"கூட்டத்துல மயங்கி விழுந்தா நான் தூக்க மாட்டேன்."

"விழறது நான் இல்லடி. இன்னைக்கு விழப்போறது வேற ஆளு."

இந்த வீம்பு எதற்கு என்பது போன வாரம் நம்மோடு வந்தவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்கள் கொஞ்சம் காது கொடுங்கள்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால், இந்த வால்மோர் கிராமத்தில், ஒதீலின் அப்பா எத்தியேன் கைவிடப்பட்ட கல்குவாரியின் அடியில் பிணமாகக் கிடந்தார். ஆட்கள் அவரைக் கண்டெடுத்தது நடுப்பகலில். ஆனால் காலையிலேயே அவர் தோட்டத்துத் தேனீப் பெட்டிகளில் கறுப்புத் துணி தொங்கியது.

அந்தப் பக்கத்தில் வீட்டுத் தலைவன் செத்தால் தேனீக்களுக்குச் சொல்லியாக வேண்டும். வீட்டுச் சாவியால் ஒவ்வொரு பெட்டியையும் தட்டி, எஜமான் போய்விட்டார் என்று சொல்லி, கறுப்புத் துணி கட்ட வேண்டும். சொல்லாமல் விட்டால் அவையும் செத்துப்போகும் என்பது நம்பிக்கை. ஒருமுறை கட்டிய துணியை அதுவாக இற்று விழும்வரை யாரும் அவிழ்க்கவும் கூடாது.

பிணம் கிடைக்கும் முன்பே சாவு தெரிந்து துணி கட்டியது யார்? பெண்டாட்டிதான் என்றது ஊர். தபால்காரி போலெத் காலையில் வந்து துணியைப் பார்த்துவிட்டு, "யாரு செத்துட்டா?" என்று கேட்டாளாம். இவெத், "தெரியல" என்றாளாம். அந்த ஒற்றை வார்த்தையை வைத்து ஊர் அவளைக் கொலைகாரி ஆக்கிவிட்டது. விபத்து என்று எழுதி போலீஸ் வழக்கை மூடியது. ஊர் மூடவில்லை. இவெத் ரொட்டிக் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. இலை உதிரும் காலத்தில், ஒன்பது வயது ஒதீலைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் ஊரை விட்டே போனாள். பதினேழு வயது மகன் ரெமி மட்டும் பெரியப்பா வீட்டிலேயே தங்கிவிட்டான்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வெர்னூ என்ற வெளியூர் எழுத்தாளர் இங்கே வீடு வாங்கினார். இந்தக் கதையைக் காது குளிரக் கேட்டார். பெயரை மட்டும் மாற்றித் துப்பறியும் நாவலாக எழுதி, கடைசி அத்தியாயத்தில் பெண்டாட்டியின் கையில் விலங்கை மாட்டி, பரிசும் வாங்கிவிட்டார். நகரத்துச் சலவைக் கடையில் கூட வேலை பார்த்தவள் ஒருத்தி அந்தப் புத்தகத்தை இவெத்திடம் நீட்டி, "இது உங்க ஊருதானே?" என்று கேட்டாள். அன்று அம்மா சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்ததை ஒதீல் மறக்கவில்லை. மறக்க முயற்சி செய்யவும் இல்லை.

மார்ச் மாதம் அம்மா போய்விட்டாள். நகரத்துக் கல்லறையில், வாடகை இடத்தில் கிடக்கிறாள். வால்மோரில் எத்தியேனுக்குப் பக்கத்தில் அவளுக்கான இடம் காலியாகத்தான் இருக்கிறது. அந்தக் கல்லறை இப்போது மகன் ரெமியின் பெயரில்; அவன் கையெழுத்துப் போட்டால் போதும். அவன் போடவில்லை.

இன்று சாயங்காலம் வெர்னூவின் பேச்சு. கோடை முழுக்க நூலகம் வாரம் ஒரு கூட்டம் நடத்துகிறது. உள்ளூரின் பழைய மர்மம் ஒன்று, அதைத் தொட்டுத் துப்பறியும் கதைகளைப் பற்றிக் கொஞ்சம், கடைசியில் ஒரு விளையாட்டு. குற்றவாளி யார் என்று வந்தவர்கள் கை தூக்கித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இன்றைக்கு எடுத்துக்கொண்டிருப்பது தேனீப் பெட்டிக் கதை.

தூக்கட்டும், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு தூக்கட்டும் என்று கறுவினாள் ஒதீல். அத்தனை கையும் மேலே இருக்கும்போது எழுந்து நின்று, நான் அவள் மகள் என்று சொல்லி, அந்த எழுத்தாளரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். இதற்குத்தான் கோட்டு.

மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று ஆனுக்கிடம் சொன்னாள். உண்மையில் சண்டை பிடிக்கத்தான் போனாள்.

ரெமி மாட்டுக் கொட்டகையில் பால் கறக்கும் குழாய்களை அலசிக்கொண்டிருந்தான். தங்கையைப் பார்த்ததும் தொப்பியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"வந்தியா? உள்ள செர்ரிப் பழம் போட்டுச் சுட்ட கேக் இருக்கு. புள்ளைக்கும் குடு."

"திங்க வரல. அம்மாவுக்கு இடம் கேட்டு வந்தேன்."

"அதான் போன வாரமே சொல்லிட்டேனே."

"ஊர் ஒத்துக்காதுன்ன. ஊரா கையெழுத்துப் போடணும்? நீதானே போடணும்?"

"நான் இங்க குடியிருக்கணும், ஒதீல். நீ ரெண்டு நாள் குதிச்சிட்டு கார்ல ஏறிப் போயிடுவ. நான் இவங்களுக்குத்தான் பால் விக்கணும், இவங்க கூடத்தான் சீட்டாடணும்."

"பெத்தவளைவிட சீட்டுக் கட்டு பெருசாப் போச்சு. அப்படித்தானே?"

ரெமி அடுத்த குழாயைக் கையில் எடுத்தான். அவன் எப்போதுமே இப்படித்தான். திட்டினால் திட்டு தீரும்வரை நிற்பான், தீர்ந்ததும் வேலையைப் பார்ப்பான்.

"உனக்கென்ன, நீ தப்பிச்சிட்ட. அந்த வாரம் முழுக்க பெரியப்பா வீட்டுல வைக்கோல் வேலை. அப்பாவைத் தூக்கிட்டு வந்தப்பதான் நீயும் கூட வந்த. உன்னை ஒருத்தன் ஒரு கேள்வி கேக்கல. எல்லாம் அவ தலையிலதான் விடிஞ்சுது."

"ஆமா" என்றான் ரெமி. "எல்லாம் அவ தலையிலதான்."

"மாமா, நீங்க கூட்டத்துக்கு வருவீங்களா?" என்று ஆனுக் நடுவில் புகுந்தாள்.

"வராம இருந்தா அதுக்கும் ஒண்ணு பேசுவாங்களேம்மா." பிறகு தங்கையைப் பார்த்தான். "நீ வராத. சொல்றதைக் கேளு. அசிங்கமாப் போயிடும்."

"யாருக்கு?"

அவன் குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர்ச் சத்தத்தில் அதற்குமேல் பேச முடியவில்லை.

"இவனும் ஒரு அண்ணன்" என்று காரில் ஏறும்போது ஒதீல் பல்லைக் கடித்தாள். "அந்த எழுத்தாளனுக்கு அடுத்தபடி இவனுக்கும் வச்சிருக்கேன்."

பழைய தானியச் சந்தைக் கூடத்தில் நாற்காலி கிடைக்காமல் ஆட்கள் தூணில் சாய்ந்து நின்றார்கள். நூலகத்துக் கிஸ்லேன் வாசலில் விசிறிக்கொண்டு நின்றாள். இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுக்க வந்தவள் கோட்டைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏம்மா ஒதீல், இது என்ன கோலம்?"

"அம்மாவோட கோட்டு. அம்மாவும் வந்திருக்காங்கன்னு வச்சுக்கயேன்."

கிஸ்லேனின் விசிறி நின்றது. ஒதீல் நேராகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

வெர்னூ வெள்ளைச் சட்டையும் செருப்புமாக வந்தார். அவருக்கு ஒதீலைத் தெரியாது. ஆள் நன்றாகப் பேசினார். அதுதான் ஒதீலுக்குத் தாங்கவில்லை. உளறினால் பாவம் என்று விட்டிருப்பாளோ என்னவோ.

"துப்பறியும் கதை எழுதறவனுக்கு ஒரே ஒரு சட்டம்தான்" என்றார். "குற்றவாளி முதல் பத்துப் பக்கத்துல உங்க கண்ணு முன்னால நடமாடியிருக்கணும். கடைசில யாரோ வழிப்போக்கனைக் கொண்டுவந்து நிறுத்தினா வாசகர் செருப்பால அடிப்பார். நம்ம ஊர்க் கதைல அந்தச் சட்டம் அழகா அமைஞ்சிருக்கு. குற்றவாளி வீட்டுக்குள்ளயே இருக்கா."

போலெத் தபால் கொண்டுவந்த இடம் வந்ததும் வெர்னூ கையை இடுப்பில் வைத்து, கழுத்தைச் சாய்த்து, பெண் குரலில் இழுத்தார்:

"தெ... ரி... ய... ல!"

கூடம் சிரித்தது. பின்னால் யாரோ கைகூடத் தட்டினார்கள். ஒதீலின் முதுகில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. அவள் கோட்டின் ஒரு பொத்தானைக்கூடக் கழற்றவில்லை. ஆனுக் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு உங்களுக்குப் புதுசா ஒண்ணு வச்சிருக்கேன்" என்றார் வெர்னூ. "என் நாவல்ல ஒரு தப்பு இருக்கு. ஏழு பெட்டில ஆறுக்குத்தான் துணி கட்டியிருந்துது. ஏழாவதுக்கு இல்ல. துணி தீர்ந்து போச்சுன்னு எழுதினேன். தீரலையாம்! போன குளிர்காலத்துல, விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் என் வீட்டுல ஒரு கிளாஸ் அதிகமா உள்ள போனப்ப சொன்னார். அன்னைக்கு விடியக்காலைல ஏழாவது பெட்டி காலி. தட்டினா உள்ளேயிருந்து சத்தமே வரல. காலிப் பெட்டிக்கு எதுக்குத் துக்கம்? அதான் கட்டல. பாருங்க, புருஷன் குவாரில கிடக்கான், இந்தம்மா காதை வச்சுக் கேட்டு, முறை தவறாம கட்டியிருக்கா. என்ன நிதானம்! என்ன நெஞ்சழுத்தம்!"

ஆகா என்றது கூடம்.

ஒதீலுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். உள்ளே ஏதோ ஒன்று சட்டென்று நின்றது.

ஏழாவது பெட்டி காலி. அது உண்மைதான். ரெமி பெரியப்பா வீட்டுக்குக் கிளம்பிப் போன மறுநாள்தான் அதிலிருந்த தேனீக்கள் சொல்லாமல் கொள்ளாமல் பறந்துபோயின. அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு, துணி தொங்கிய அந்தக் காலை. வேறொரு பெட்டியிலிருந்து பிரிந்த கூட்டம் ஒன்று ஆப்பிள் மரத்தில் கொத்தாகத் தொங்கியது. அம்மா வெள்ளை விரிப்பைத் தரையில் போட்டு, ஒரு முனையை ஒதீலைப் பிடிக்கச் சொல்லி, கிளையை உலுக்கினாள். தேனீக்கள் விரிப்பின் மேல் நடந்து ஏழாவது பெட்டிக்குள் போயின. போலெத் வந்தபோது பெட்டி நிறைந்து இரைந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் வந்த போலீஸ், ஊர்ஜனம், பிணத்தோடு வந்த ரெமி, எல்லோரும் பார்த்தது தேனீ நிறைந்த பெட்டியைத்தான்.

அது காலியாக இருந்த கதையை அம்மா யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் அந்தக் காலையைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவாள். ரெமியோடு அவளுக்குப் பேச்சே இல்லை. ஒதீலும் சொன்னதில்லை.

அப்படியானால் வெர்னூவிடம் சொன்னது யார்?

"சரி, இப்ப நம்ம விளையாட்டு" என்று வெர்னூ கைகளைத் தேய்த்துக்கொண்டார். "பெண்டாட்டிதான் பண்ணினான்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க பார்ப்போம்!"

நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒதீல் உட்கார்ந்தபடியே திரும்பினாள். ரொட்டிக் கடைக்காரர் தூக்கியிருந்தார். தூணருகே நின்ற போலெத், இந்த வயதிலும் எல்லோருக்கும் முன்னால் தூக்கியிருந்தாள். கோடைக்கு வந்த வெளியூர்க் குடும்பங்கள் சிரித்துக்கொண்டே தூக்கின. ஒவ்வொரு முகமாக மனசில் எழுதிக்கொண்டே போனாள் ஒதீல்.

"அம்மா," ஆனுக் அவள் கையை இழுத்தாள். "மாமாவைப் பாரு."

கடைசி வரிசையில் ரெமி. இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான். சீட்டாடும் கூட்டாளிகள் இரண்டு பேரும் கை தூக்கியிருந்தார்கள். அவன் கை முதலில் தோள் வரை வந்தது. பிறகு முழுக்க மேலே போனது.

பெற்ற தாய்க்கு எதிராக.

ஒதீல் எழுந்தாள். கிஸ்லேனின் கையிலிருந்த மைக்கைக் கேட்காமலே வாங்கிக்கொண்டாள்.

"என் பேரு ஒதீல். நான் இவெத்தோட பொண்ணு."

கைகள் ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கின. வெளியூர்க்காரர்களின் சிரிப்பு பாதியில் நின்றது. வெர்னூ தண்ணீர் டம்ளரைத் தேடினார்.

"ரெமி அண்ணா, நீ மட்டும் இறக்காத" என்றாள். "அப்படியே வச்சுக்க. அந்தக் கையாலதானே பெட்டியைத் தட்டின?"

எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. ரெமியின் கை மேலேயே நின்றது. இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றது.

"ஊரு நல்லா கேட்டுக்குங்க. இவர் கிளம்பிப் போன மறுநாள்தான் அந்தப் பெட்டி காலியாச்சு. அப்பா சாவுக்கு இவர் திரும்பி வந்தப்ப அது நிறைஞ்சு இருந்துது. நானும் அம்மாவும் அன்னைக்குக் காலைலதான் அதுல கூட்டம் சேர்த்தோம். நடுவுல அது காலியா இருந்தது நாலு பேருக்குத்தான் தெரியும். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, எனக்கு. அப்புறம் விடியக்காலைல அதைத் தட்டினவனுக்கு. வீட்டுச் சாவி வச்சிருந்தவங்கள்ல மிச்சம் இவர் ஒருத்தர்தான்." பிறகு மேடைப் பக்கம் திரும்பினாள். "துப்பறியும் எழுத்தாளர் ஐயா! குற்றவாளி முதல் பத்துப் பக்கத்துல நடமாடணும்னீங்களே. உங்க மேசைலயே உக்காந்து உங்க சாராயத்தையே குடிச்சிட்டுச் சொல்லியிருக்கான். உங்களுக்குத் தெ... ரி... ய... ல!"

அவர் இழுத்த அதே இழுப்பு. இந்தத் தடவை கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. வெர்னூ ஏதோ சொல்லப் பார்த்தார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருஷம் எழுதியும் பேசியும் பிழைத்த மனுஷன், ஒரு வார்த்தைக்கு வழியில்லாமல் உட்கார்ந்ததை ஒதீல் ஆசை தீரப் பார்த்தாள். இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது.

"ரெமி, இது நிஜமா?" என்றார் பக்கத்தில் இருந்த சீட்டுக் கூட்டாளி. அவர் நாற்காலி கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது.

ரெமி கையை இறக்கினான். எழுந்து தொப்பியைக் கழற்றினான்.

"சொல்லாம விட்டா அதுங்க செத்துடும்னு நினைச்சேன்" என்றான். "அப்பா செத்ததைப் பார்த்துட்டு நேரா அங்கதான் ஓடினேன். ஓடிப்போயிருக்கணும், புத்தி வரல. தேனீக்குச் சொல்லணும், அது ஒண்ணுதான் தலைல இருந்துது."

"அப்புறம்?"

"கட்டி முடிச்சுட்டுத் திரும்பினேன். அம்மா ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தா. ஒண்ணும் கேக்கல. போயிடுன்னு கையைக் காட்டினா. நான் பெரியப்பா வீட்டுக்கே திரும்பிப் போயிட்டேன்."

ஒதீலுக்கு மைக் கனத்தது. அந்தத் "தெரியல" யாருக்காக என்று இப்போது தெரிந்தது. மகனைக் காப்பாற்ற அம்மா தன் பெயரைக் கொடுத்தாள். கூடவே மகளின் ஊரையும் வீட்டையும் கொடுத்தாள். கேட்காமலே கொடுத்தாள். அண்ணன்மேல் இருந்த ஆத்திரத்தோடு செத்துப்போனவள்மேலும் ஒரு ஆத்திரம் கிளம்பியது. அதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் கையில் இருந்த ஆத்திரத்தையே வீசினாள்.

"நாப்பது வருஷம் அவ உனக்காக வாயை மூடிக்கிட்டா. நீ அவளுக்கு எதிரா கையைத் தூக்கற. நாளைக்குக் காலைல கையெழுத்துப் போடற. அம்மாவுக்குக் குழியை நீயே தோண்டற. இந்த ஊரு பார்த்துக்கிட்டு நிக்கணும்."

"தோண்டறேன்."

"நான் வேணும்னா உதவி..." என்று ரொட்டிக் கடைக்காரர் தொடங்கினார்.

"நீங்க தொடக் கூடாது!"

அவர் அடங்கிவிட்டார். ரெமி இன்னும் நின்றுகொண்டே இருந்தான். போகப் போகிறான் என்று நினைத்தாள் ஒதீல். அவன் நாற்காலிகளுக்கு நடுவில் இருந்த வழியில் இரண்டு அடி முன்னால் வந்தான்.

"யாரு துணி கட்டினதுன்னு கேட்ட, சொல்லிட்டேன். அப்பா எப்படி விழுந்தார்னு நீ கேக்கவே இல்லையே, ஒதீல்?"

வெர்னூ நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். போலெத் காதை இந்தப் பக்கம் திருப்பினாள்.

ஒதீல் கேட்கவில்லைதான். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட. அம்மா செய்யவில்லை என்று நிரூபிப்பதிலேயே குறியாக இருந்தவளுக்கு, அடுத்த கேள்வி ஒன்று காத்திருப்பது தோன்றவே இல்லை. இப்போது அதைக் கேட்கப் பயமாக இருந்தது.

இவ்வளவு நேரம் ஊரே கேட்க வேண்டும் என்று நின்றவள், மைக்கின் பொத்தானை அமுக்கி அணைத்தாள். கோட்டைக் கழற்றி ஆனுக்கின் கையில் கொடுத்துவிட்டு, அண்ணனுக்கு வெகு அருகில் போனாள்.

"எனக்கு மட்டும் சொல்லு" என்றாள்.